பதினான்காம் வினா

மே 3, வெள்ளி

விடைத்தாள் திருத்தும் முகாம் இன்று தொடங்கியது. மூன்று மாவட்டக் கல்லூரிகளின் இளங்கலைத் தமிழ்த் தாள்கள் மொத்தமும் பாளையங்கோட்டைக்கே வந்து குவிந்துவிட்டன. வீட்டிலிருந்து நடந்தே வரலாம் என்பது ஒன்றுதான் எனக்கு லாபம். மண்டபத்தில் எட்டு மின்விசிறிகள். என் தலைக்கு மேல் இருப்பது மட்டும் ஓடாது. கேட்டேன். எலக்ட்ரீசியன் திங்கட்கிழமை வருவாராம். எந்தத் திங்கள் என்று கேட்கவில்லை.

முற்பகல் இருபது தாள், பிற்பகல் இருபது. அகப்பொருள் தாள். பாலைத் திணைக்கு உரிய விலங்கு ஒட்டகம் என்று ஒன்பது பேர் எழுதியிருக்கிறார்கள். ஒன்பதும் ஒரே கட்டு, ஆகவே ஒரே அறை. பசலை படர்ந்த தலைவிக்கு நிலவேம்புக் கஷாயம் கொடுக்கலாம் என்று ஒருத்தி. அரை மதிப்பெண் போட ஆசையாக இருந்தது. போடவில்லை.

எங்கள் மேசைக்குத் தலைமைத் தேர்வாளர் ஆவுடைத்தாய். கல்லூரியில் என்னோடு படித்தவள். பி.ஏ. மூன்றாம் ஆண்டு தொடங்கியதுமே நிறுத்திவிட்டார்கள். மூலைக்கரைப்பட்டியில் கல்யாணம். பிறகு அஞ்சல் வழியில் படித்து, முனைவர் பட்டம் வாங்கி, இன்று எனக்கே மேலே உட்கார்ந்திருக்கிறாள். இருபத்தாறு வருடத்தில் இரண்டு கல்யாண வீடுகளில் பார்த்துக்கொண்டதோடு சரி. மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் "ஏட்டி வடிவு" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். என்னைச் சண்முகவடிவு மேடம் என்று மட்டுமே அறிந்தவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

மே 4, சனி

அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டது. மோர் கொண்டுபோனேன். பதினோரு மணிக்கே புளித்துப்போயிற்று.

தேநீர் இடைவேளையில் ஆவுடை வாழைக்காய் பஜ்ஜியைப் பிட்டுப் பாதியை என் தட்டில் வைத்தாள். அந்தக் காலத்துப் பழக்கம், அவளுக்கு மறக்கவில்லை. பழைய பேச்சையும் எடுத்தாள். அவள் அப்போது தங்கிப் படித்தது இங்கே அவளுடைய அத்தை வீட்டில். வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள் இரண்டு பேரும் நூலகத்துக்குப் போவோம். அங்கே ஒருவன் வருவான். அவனுக்கும் அவளுக்கும் பழக்கம். நான் உடன் போவேன், அவ்வளவுதான். பெயர்கூட எனக்குச் சட்டென்று வரவில்லை. தளவாய். பார்த்தால் நினைவில் நிற்கிற முகமும் அல்ல. நடக்கும்போது வலது செருப்பு இழுபடும்.

தன் அத்தையிடம் கோள் சொல்லிப் படிப்பைக் கெடுத்தது நூலகத்து வாட்ச்மேன்தான் என்று ஆவுடை இன்னும் சொல்கிறாள். பல வருடம் கழித்துப் பேருந்து நிலையத்தில் அந்த மனுஷர் இவளை அடையாளம் கண்டு கும்பிட்டாராம். இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாளாம். சொல்லும்போது இன்னும் கோபம் வந்தது அவளுக்கு. நான் பஜ்ஜியைத் தின்றேன். எண்ணெய் பழசு.

பிறகு வந்த விஷயத்துக்கு வந்தாள். மகள் உமையாள் ஜூனில் இங்கே எம்.ஏ. சேர்கிறாள். விடுதி ஒத்துவராது, வயிற்றுக் கோளாறு. இரண்டு வருடம் என் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். "உன்னைத் தவிர நான் யாரை நம்பி விடுவேன்ட்டி" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மே 5, ஞாயிறு

பின்னறையை ஒழித்தேன். பதினெட்டு வருடத்துப் பருவத்தேர்வு வினாத்தாள்கள், உடைந்த கிரைண்டர், அம்மா இருந்தபோது வாங்கிய நடைவண்டி. எல்லாம் வெளியே போயிற்று. கட்டிலைக் கூடத்திலிருந்து உள்ளே இழுத்துப் போட்டேன். மெத்தை உறை இரண்டையும் துவைத்துக் காயப்போட்டேன். வெயிலில் அரை மணியில் மொறமொறவென்று ஆகிவிட்டது. சன்னல் திறக்க மறுத்தது. எண்ணெய் விட்டுத் திறந்தேன்.

யோசித்துச் சொல்வதாகத்தான் சொல்லியிருக்கிறேன். அறையை எப்படியும் ஒழிக்க வேண்டியிருந்தது.

மே 6, திங்கள்

எலக்ட்ரீசியன் வரவில்லை.

பதினான்காம் வினா பிள்ளைகளைப் படுத்தி எடுக்கிறது. பாடத்தில் இல்லாத ஒரு பழம்பாட்டைக் கொடுத்து, துறை என்ன, பேசுபவளின் நோக்கம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். ஐந்து மதிப்பெண். பாட்டு இதுதான். தலைவி காட்டாற்று வெள்ளத்தில் அகப்பட்டுக் கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறாள். ஒருவன் குதித்துத் தூக்கிக் கரைசேர்க்கிறான். இதைத் தோழி செவிலித் தாயிடம் சொல்கிறாள். அவன் ஈரத் தலைமயிர், புருவத்தின் மேல் இருந்த வடு, நெகிழ்ந்த மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டது, எல்லாம் சொல்கிறாள். பன்னிரண்டு வரி. பாடியவர் பெயர் இல்லை.

இதில் என்ன திகைப்பு இருக்கிறது? பார்த்தவுடன் தெரிகிற அறத்தொடு நிற்றல். தலைவிக்கு வேறு இடத்தில் மணம் பேசுகிறார்கள். அவளுடைய களவுக் காதல் வீட்டுக்குத் தெரியாது. தோழி செவிலியிடம் சொல்கிறாள், செவிலி பெற்ற தாயிடம், தாய் தந்தையிடம். விரும்பியவனுக்கே பெண்ணைக் கொடுக்கிறார்கள். தோழி சொல்வது கோள் அல்ல, அறம். அதனால்தான் அந்தப் பெயர். விடைக்குறிப்பிலும் அப்படித்தான் இருக்கிறது: துறைக்கு இரண்டு, நோக்கத்துக்கு மூன்று.

மே 7, செவ்வாய்

முற்பகலில் ஒரு தாள். எழுத்து பெண்ணெழுத்து. மற்ற வினாக்களில் இருபத்தேழு வாங்கியிருக்கிறாள். எழுபத்தைந்துக்கு முப்பது இருந்தால் தேர்ச்சி. பதினான்காம் வினாவுக்கு இப்படி எழுதியிருக்கிறாள். அப்படியே பெயர்த்து எழுதுகிறேன், எழுத்துப்பிழையை மட்டும் திருத்தி.

"இது அறத்தொடு நிற்றல் போல இருக்கிறது. ஆனால் இல்லை. தலைவனைப் பற்றிச் சொல்ல இரண்டு வரி போதும். இவள் ஒன்பது வரி சொல்கிறாள். தலைவி மெலிந்தாள், அழுதாள் என்று ஒரு வரிகூட இல்லை. தலைவியைக் காப்பாற்ற வந்தவள் தலைவியைப் பற்றி அல்லவா பேச வேண்டும். புருவத்தில் வடு இருந்ததை யார் பார்த்தது? தலைவி கண்ணை மூடியிருந்தாள் என்று பாட்டிலேயே இருக்கிறது. பார்த்தது தோழிதான். களவு வெளியே தெரிந்தால் தலைவியை முதலில் வீட்டில் அடைப்பார்கள் என்று தோழிக்குத் தெரியும். அப்புறம் ஆற்றுக்கு அவள் மட்டும் போகலாம்."

அதிகப்பிரசங்கி. ஒரு கூற்றைப் படிப்பதென்றால் முதலில் துறை, பிறகுதான் நோக்கம். துறை தெரிந்துவிட்டால் நோக்கம் அதற்குள் அடங்கிவிடும். அகத்துறையில் தோழிக்குத் தனியாக ஒரு மனசு கிடையாது. இது முதலாண்டிலேயே சொல்லிக்கொடுப்பது.

பூச்சியம் போட்டேன். மொத்தம் இருபத்தேழு.

மே 8, புதன்

தலைவலி. நாற்பது தாள். கத்திரிக்காய், பச்சை மிளகாய், பின்னறைக்கு ஒரு கொசுவலை.

மே 9, வியாழன்

அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வரிகளை எண்ணினேன். ஒன்பதுதான். அதுவரை சரி.

ஒரு விஷயத்தை ஒழுங்காக எழுதிவைப்பது நல்லது. தொண்ணூற்று மூன்று ஆடியில் ஆவுடைக்கு மூலைக்கரைப்பட்டி மாப்பிள்ளையைப் பேசத் தொடங்கினார்கள். அவள் அழுதுகொண்டே இருந்தாள். வீட்டில் சொல் என்றால் பயந்தாள். ஒரு சனிக்கிழமை அவள் ஊருக்குப் போயிருந்தபோது அவளுடைய அத்தையைப் பார்க்கப் போனேன். அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்து ஆய்ந்தேன். ஆய்ந்துகொண்டே தளவாய் விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் சொல்லியாக வேண்டும், தோழி சொல்வதுதான் முறை. அந்தப் பருவத்தில் எங்களுக்கு அகப்பொருள்தான் பாடம்.

அத்தை தாயிடம் சொன்னார்கள், தாய் தந்தையிடம். வரிசை ஒன்றும் பிசகவில்லை. இலக்கணத்தில் இதற்கடுத்து கல்யாணம். இங்கேயும் கல்யாணம்தான், மாப்பிள்ளைதான் வேறு. எட்டாம் நாள் ஆவுடையை ஊருக்குக் கூட்டிப்போனார்கள். ஆவணியில் தாலி. சொன்னது யார் என்று அத்தை கடைசிவரை வெளியே விடவில்லை. நல்ல மனுஷி. இப்போது இல்லை.

நூலகத்துக்கு அதற்குப் பிறகும் போனேன். புத்தகம் எடுக்கத்தான். வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் குறைவு. அவர் வருவார். ஆவுடை எப்படி இருக்கிறாள் என்று கேட்பார், தெரியாது என்பேன். வேறு எதுவும் அவர் என்னிடம் கேட்டதில்லை. தை மாதம் பம்பாய்க்குப் போய்விட்டார். அதன் பிறகு நானும் அங்கே போகவில்லை. எங்கள் கல்லூரி நூலகமே பெரியது.

நல்லதை நினைத்துத்தான் சொன்னேன்.

மே 10, வெள்ளி

இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது வாங்கிய தாள்களைத் தலைமைத் தேர்வாளர் பார்வைக்கு அனுப்ப வேண்டும். இது விதி. என்னிடம் அப்படி நான்கு. மூன்றைக் கொடுத்தேன். ஒன்று கட்டின் அடியில் இருக்கிறது.

தேநீர் வேளையில் ஆவுடையிடம் பொதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். யாரோ ஒரு பிள்ளை பதினான்குக்கு இப்படி எழுதியிருக்கிறது, தோழிக்கே தலைவன் மேல் கண் என்கிறது, இதற்கு என்ன போடலாம் என்றேன். ஆவுடை சிரித்தாள். தொலைக்காட்சித் தொடர் பார்த்துக் கெட்டுப்போன பிள்ளை என்றாள். பஜ்ஜியைப் பிட்டுப் பெரிய பாதியை என் பக்கம் வைத்தாள்.

"அப்பிடி ஒரு தோழி இருந்தா அவ தோழியேட்டி? எனக்கெல்லாம் நீ இருந்த. ஒரு வார்த்தை வெளிய போவுமா உங்கிட்ட இருந்து?"

அப்போது மணி அடித்துவிட்டார்கள். அடித்திராவிட்டாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

மே 11, சனி

மின்விசிறி ஓடுகிறது. கட கட என்று ஒரே சத்தம். நிறுத்தச் சொன்னேன்.

மே 12, ஞாயிறு

ஆவுடை மகளை அழைத்துக்கொண்டு வந்தாள். உமையாள் அம்மாவைவிட உயரம். செருப்பை வாசலில் ஒழுங்காகச் சேர்த்து வைத்தாள். எனக்கு அதெல்லாம் கண்ணில் படும். என்னை "வடிவு அத்தை" என்றாள். பின்னறைக்குப் போய்ச் சன்னலோரத்தை முழம் போட்டு அளந்தாள். மேசை இங்கே, அலமாரி அங்கே. புளிக்குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். வயிற்றுக் கோளாறு எங்கே போயிற்று என்று ஆவுடை கேட்டதற்கு, விடுதிச் சாப்பாட்டுக்குத்தான் கோளாறு என்றாள்.

பாத்திரம் கழுவும்போது அவள் என் பக்கத்தில் நின்று, அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தின கதை தனக்குத் தெரியும் என்று மெல்லச் சொன்னாள். அந்த வாட்ச்மேன் மேல் அவளுக்கும் கோபமாம். "நீங்க ஒருத்தராவது அம்மாகூட இருந்தீங்களே அத்தை" என்றாள். நான் குழாயைத் திருகி மூடினேன்.

அவர்கள் போன பிறகு வீடு முன்பு இருந்ததைவிட அமைதியாக இருந்தது. எழுதிவிடுகிறேன். இந்தப் பெண் இங்கே வந்து இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. அம்மா போன பிறகு இந்த வீட்டில் யாரும் சோற்றை இரண்டாம் முறை கேட்டதில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் ஜூன் மாதம் அவள் வந்துவிடுவாள். ஒன்றுமே செய்ய வேண்டாம். இருபத்தாறு வருடம் சும்மா இருந்தவளுக்கு இன்னும் இருபது நாள் சும்மா இருப்பது பெரிய காரியமில்லை.

மே 13, திங்கள்

நாளை முகாம் முடிகிறது. கட்டின் அடியில் இருந்த தாளை எடுத்தேன். எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண் இதில் தேறுவோமா என்று காத்திருக்கிறாள். அவள் செய்த தவறு என்ன என்று எழுதப் பார்த்தேன். வரி எண்ணிக்கை சரி. கண்ணை மூடியிருந்தது சரி. வடுவைப் பார்த்தது தோழி, சரி. அடைத்துவைப்பார்கள் என்று தோழிக்குத் தெரியும் என்பது பாட்டில் இல்லை என்று எழுத வந்தேன். எழுதவில்லை. தெரியும்.

பூச்சியத்தை அடித்து மூன்று போட்டேன். மொத்தம் முப்பது. விடைக்குறிப்பிலிருந்து விலகி மதிப்பெண் போட்டால் அதற்கென்று இருக்கிற படிவத்தில் காரணம் எழுத வேண்டும். எழுதினேன்: "தோழிக்குத் தனக்கென்று ஒரு நோக்கம் இருக்கக்கூடும். அவ்வாறு செய்த ஒருத்தியை அறிவேன்." தாளோடு இணைத்து ஆவுடையின் மேசையில் நானே கொண்டுபோய் வைத்தேன்.

அவள் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கு.

"இதெல்லாம் படிவத்துல எழுதுவாங்களாட்டி? யாரு அவ, நம்ம வகுப்பா?"

"நாந்தான்" என்றேன். "உங்க அத்தைகிட்ட சொன்னது வாட்ச்மேன் இல்ல. நான்."

மண்டபத்தில் தாள் புரட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் சிரிப்பு முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. எடுக்க மறந்துவிட்டாள் போல.

"எதுக்கு?"

உனக்கு அவரோடு கல்யாணம் ஆக வேண்டும் என்றுதான். இந்த விடை இருபத்தாறு வருடமாகத் தயாராக இருக்கிறது. அத்தையிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடக்கும்போதே தயார் செய்தது. வாய் வரை வந்தது. சொல்லவில்லை. விடைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அந்தப் பிள்ளை எழுதியிருக்கா" என்றேன்.

அவள் படிக்கத் தொடங்கினாள். மெதுவாகப் படித்தாள். நான் என் இடத்துக்கு வந்து மீதிப் பதினொரு தாளையும் திருத்தினேன். தேநீர் வந்தது. பஜ்ஜியும் வந்தது. அவள் தன் மேசையை விட்டு எழவில்லை.

மே 14, செவ்வாய்

காலையில் தாள் என் மேசைக்குத் திரும்பி வந்திருந்தது. நான் சிவப்பில் போட்ட மூன்றைப் பச்சை மையில் அடித்து ஐந்து போட்டிருந்தாள். மொத்தம் முப்பத்திரண்டு. காரணப் படிவத்தில் நான் எழுதியதற்குக் கீழே "விடை சரி" என்று எழுதிக் கையெழுத்து. அவள் எழுத்து மாறவே இல்லை. சகரத்துக்கு இன்னும் அந்தச் சுழி.

பத்து மணிக்கு அவளே வந்து நின்றாள்.

"மேடம், மூணு போட்டா அது தருமம். விடை சரின்னா அஞ்சு போடணும். சரிதானே?"

"சரிதான்."

"அப்ப திருத்துன எடத்துல நீங்களும் ஒரு கையெழுத்து போட்டுருங்க."

போட்டேன். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார். பதினோரு நாளாக 'ஏட்டி' கேட்டுப் பழகிய காது.

மூன்று மணிக்கு முகாம் முடிந்தது. வாசலில் ஆட்டோவுக்குக் காத்துக்கொண்டு அவள் நின்றாள். நான் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது கேட்டாள், சாலையைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ வழி கேட்கிற மாதிரி.

"அவங்களுக்கு எங்கயாவது தழும்பு இருந்துச்சா?"

யாருக்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். யோசிப்பது போலவாவது நின்றிருக்க வேண்டும்.

"வலது கையில. கட்டைவிரலுக்குக் கீழ. சோடா பாட்டில் வெடிச்சது" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள்.

"எனக்கு ஞாபகமே இல்ல" என்றாள்.

ஆட்டோ வந்தது. பையை முதலில் வைத்துவிட்டு ஏறினாள். உமையாளைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வாட்ச்மேன் வீடு எங்கே இருக்கிறது என்று மட்டும் விசாரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். விசாரிக்கிறேன் என்றேன்.

நடந்தே வந்தேன். பின்னறைச் சன்னலைச் சாத்தினேன். இந்த முறை எண்ணெய் தேவைப்படவில்லை.